ஆறு பாடல்களையும் பாடுங்கள்

சென்னையிலும் பிற ஊர்களிலும் மேற்கத்தியச் செவ்வியல் வாய்ப்பாட்டுப் பயிலும் இளம் பாடகர்களுக்கு,



உங்களில் பலருக்கு என் முகம் நினைவிருக்காது. கிரேடு தேர்வுகளிலும் ஆண்டு விழாக்களிலும் உங்களுக்குப் பின்னால் பியானோவில் உட்கார்ந்திருப்பவள் நான். நீங்கள் தேர்வாளரைப் பார்த்து நிற்பீர்கள், நான் உங்கள் முதுகைப் பார்த்து வாசிப்பேன். எங்கே மூச்சுப் போதவில்லை, எந்தச் சொல்லில் தயங்குகிறீர்கள், எந்த வரியைப் பொருள் தெரியாமலே தாண்டிப் போகிறீர்கள் என்பதெல்லாம் அங்கிருந்தே தெரிந்துவிடும். இருபது வருடங்களுக்கு மேலாக இப்படிப் பார்த்து வந்தவள் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். அதற்கு முன் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் பட்டர்வொர்த் இசையமைத்து 1911இல் வெளிவந்த ஆறு பாடல்களைப் பற்றிய பேச்சு இது. ஏ. ஈ. ஹவுஸ்மனின் ‘ஷ்ராப்ஷயர் இளைஞன்’ தொகுப்பிலிருந்து எடுத்த ஆறு கவிதைகள். முதல் பாடல் உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூப் போர்த்து நிற்கும் செர்ரி மரத்தைப் பற்றியது. குரலை அதிகம் சோதிக்காது, நீளமும் இல்லை, கேட்க இனிமையாக இருக்கும். அதனால் தேர்வுக்கு அதை எடுக்கச் சொல்கிறார்கள். பாடுகிறீர்கள், மதிப்பெண் வருகிறது, தாள் கோப்புக்குள் போய்விடுகிறது. மற்ற ஐந்தும் அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. பக்கத்தைத் திருப்ப ஆளில்லை. அந்தச் செர்ரி மரப் பாடலுக்கு எத்தனை பேரோடு உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஆறையும் ஒருவர் வரிசையாகப் பாடி நான் வாசித்தது இதுவரை ஒரு தடவைகூட நடக்கவில்லை.

ஒரே ஒரு தடவை நடக்கப் பார்த்தது. பாரிடோன் குரல் கொண்ட ஓர் இளைஞர் நான்கு மாதம் உழைத்து ஆறையும் தயார் செய்தார். வேலை முடிந்து இரவு எட்டரைக்கு வருவார், பத்து மணி வரை இருவரும் உட்காருவோம். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது அமைப்பாளர்கள் கூப்பிட்டு, இரண்டு பாட்டுப் போதும் என்றார்கள். கடைசிப் பாட்டில் செத்தவன் பேசுகிறானாமே, குடும்பத்தோடு வருகிறவர்கள் முன்னால் அது எதற்கு என்றும் கேட்டார்கள். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் ‘இங்கிலாந்துக் கிராமத்தின் இயற்கைப் பாடல்கள்’ என்று இருந்தது. அவர் இரண்டைப் பாடிவிட்டு இறங்கினார். நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று பேசாமல் விட்டதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் அந்த நிகழ்ச்சி நிரலின் தலைப்பை எடுத்துக்கொள்வோம். இயற்கைப் பாடல்கள். ஹவுஸ்மன் ஷ்ராப்ஷயர்காரரே அல்லர். 1859இல் பக்கத்து மாவட்டமான வூஸ்டர்ஷயரில், பிராம்ஸ்குரோவ் அருகே பிறந்தவர். அங்கிருந்து மேற்கே பார்த்தால் சூரியன் இறங்கும் திசையில் ஷ்ராப்ஷயர்க் குன்றுகள் தெரியும். சிறு வயதில் அவர் பார்த்த ஷ்ராப்ஷயர் அவ்வளவுதான், அடிவானம். அந்தக் கவிதைகளில் பெரும்பாலானவற்றை அவர் எழுதியது லண்டனில், லத்தீன் பேராசிரியராக இருந்தபோது. ஒரு கவிதையில் ஹியூலி என்ற ஊர்க் கோயிலின் கோபுரம் தொலைவிலிருந்து தெரிவதாக எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி லாரன்ஸ் நேரில் போய்ப் பார்த்தால், கோயில் பள்ளத்தாக்கில் இருக்கிறது, அப்படிப்பட்ட கோபுரமும் இல்லை. அந்த மண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எழுதிய ஆள் இல்லை இவர் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? போய்ச் சேர முடியாத ஒன்றை வைக்க அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. கண்ணுக்கு எட்டி, கைக்கு எட்டாமல் இருந்த அந்தக் குன்றுகளில் கொண்டுபோய் வைத்தார்.

வைத்தது என்ன என்பதையும் நீங்கள் தெரிந்துகொண்டுதான் பாட வேண்டும். ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது மோசஸ் ஜாக்சன் என்ற சக மாணவரை ஹவுஸ்மன் நேசித்தார். ஜாக்சனுக்கு அவர் நல்ல நண்பர், அதற்கு மேல் ஒன்றுமில்லை. 1881இல் ஹவுஸ்மன் இறுதித் தேர்வில் தோற்றார். அடுத்த ஆண்டு லண்டனில் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கேதான் ஜாக்சனும் வேலை பார்த்தார். இருவரும் ஜாக்சனின் தம்பியும் சில காலம் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். 1887இல் ஜாக்சன் கராச்சியில் ஒரு கல்லூரிக்கு முதல்வராகக் கப்பலேறிப் போனார். 1889இல் இங்கிலாந்துக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டபோது ஹவுஸ்மனுக்கு அழைப்பு இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் செய்தி தெரிந்தது. 1896இல் அறுபத்து மூன்று கவிதைகளோடு ‘ஷ்ராப்ஷயர் இளைஞன்’ வந்தது. முதல் பதிப்பு 500 பிரதிகள், செலவு கவிஞருடையது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இதை வாய்விட்டுச் சொன்னால் சிறை. 1885இல் வந்த சட்டத்தின்படி ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான பாலியல் உறவு எந்த வடிவில் இருந்தாலும் குற்றம். 1895இல் ஆஸ்கார் வைல்டைத் தண்டித்தது அந்தச் சட்டம்தான். அதற்கு அடுத்த ஆண்டு வந்த புத்தகம் இது. வைல்டு விடுதலையானபோது ஹவுஸ்மன் தம் புத்தகத்தை அவருக்கு அனுப்பி வைத்தார். தம்மைப் பற்றி ஊரறிய ஒரு வார்த்தை சொல்லாமலே 1936இல் இறந்தார். தம்பி லாரன்ஸ் உண்மையை ஒரு கட்டுரையாக எழுதி, நீண்ட காலம் பிரிக்கக் கூடாது என்று முத்திரையிட்டுப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். அது அச்சில் வந்தது 1967இல். அதே சாம்ராஜ்யம் நமக்கு எழுதி வைத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடி நம் நாட்டில் தளர்ந்தது 2018 செப்டம்பரில். உங்களில் இப்போது பதினெட்டு, இருபது வயதில் இருப்பவர்கள் அந்தச் செய்தியைப் பள்ளிக்கூடம் போகும் வயதில் கேட்டிருப்பீர்கள். இந்தப் பாடல்களின் மௌனம் உங்களுக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

அகத்திணையில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. தலைவனுக்குப் பெயர் இல்லை, தலைவிக்கும் இல்லை. மலையும் கடலும் அவர்களுக்காகப் பேசும். நமக்கு அது கவிதை மரபு. ஹவுஸ்மனுக்கு அது உயிர்ப் பயம். ஆனாலும் குன்றையும் மரத்தையும் உழவையும் சந்தையையும் முன்னால் நிறுத்திவிட்டு நெஞ்சைப் பின்னால் வைக்கும் எழுத்தைப் படிக்கத் தமிழ் படித்த உங்களுக்குத் தனியாகப் பயிற்சி தேவையில்லை. பள்ளியில் குறுந்தொகை படிக்கும்போது, மழை பெய்கிறது என்றால் மழையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று உங்களுக்குப் புரிந்ததல்லவா? அந்தப் புத்தியோடு இந்தப் புத்தகத்தைத் திறங்கள் என்றுதான் கேட்கிறேன். செர்ரி மரத்தை வெறும் செர்ரி மரமாகப் பாடிவிட்டு வராதீர்கள். இருபது வயதுப் பையன் ஒருவன், மனிதனுக்கு எழுபது வருடம், அதில் இருபது போய்விட்டது, மீதி ஐம்பது வசந்தம்தான் என்று விரல்விட்டு எண்ணுகிற பாட்டு அது. எண்ணி முடித்த பிறகுதான் அவன் மரத்தைப் பார்க்கக் கிளம்புகிறான். உங்களில் பெரும்பாலோர் முதல் வரியில் புன்னகையோடு தொடங்கி அதே புன்னகையோடு முடிக்கிறீர்கள். கணக்குப் போடும் நடுப்பகுதியில் உங்கள் தோளில் ஒரு மாற்றத்தையும் நான் கண்டதில்லை.

இசையைப் பற்றி. பட்டர்வொர்த் 1885இல் லண்டனில் பிறந்தார், யார்க்கில் வளர்ந்தார், ஆக்ஸ்போர்டில் படித்தார். ஆனால் அவர் பாட்டுக் கற்ற இடம் கிராமத்துச் சாராயக் கடையும் வயல் வரப்பும். இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் போன்றவர்களோடு சசெக்ஸ் முதலிய பக்கங்களில் ஊர் ஊராகப் போய், வயதானவர்கள் பாடும் நாட்டுப் பாடல்களை நூற்றுக்கணக்கில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். மாரிஸ் என்ற நாட்டுப்புற ஆட்டத்தையும் முறையாகக் கற்று மேடையில் ஆடியவர். இந்த ஆறில் இரண்டாவது பாட்டின் மெட்டே ஒரு பழைய நாட்டுப்புற மெட்டுதான். மற்றவற்றிலும் அந்த வாசனை உண்டு. ஓர் அசைக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். ஹவுஸ்மனின் சொற்களும் அப்படித்தான், குறுகியவை, வீட்டில் புழங்குகிறவை. ஆகவே கர்னாடக இசை பழகிய குரல் கொண்டவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சுரத்தை அசைக்காதீர்கள். கமகம் நம் இசைக்கு உயிர், இந்தப் பாட்டுக்கு அது பாரம். ஆபராக் குரலில் பயிற்சி பெற்றவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். குரலை முழுக்கத் திறந்து அதிர விட்டால் உழவன் மறைந்து பிரபு வந்து நிற்பான். முதலில் வார்த்தைகளைச் சும்மா பேசிப் பாருங்கள், பத்து நாள். பிறகு சுரத்தில் வையுங்கள்.

ஆறுமே நேரடிக் காதல் பாடல்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாவதில் ஓர் அறிவாளி, காசு பணம் எதை வேண்டுமானாலும் கொடு, மனசை மட்டும் கொடுத்துவிடாதே என்று இருபத்தொரு வயதுப் பையனுக்குப் புத்தி சொல்கிறார். பையன் கேட்கவில்லை, இருபத்திரண்டில் அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்கிறான். நான்காவது, யோசிக்காதே, சிரி, குடி, யோசித்தால் குழிக்குள் போவாய் என்று அடித்துச் சொல்லும் பாட்டு. உற்சாகமாக ஒலிக்கும், அந்த உற்சாகத்தை நம்பிப் பாடினால் பாட்டுக் கெட்டுப்போகும். இந்த இரண்டையும் பற்றி இவ்வளவு போதும்.

மூன்றாவதுதான் நீங்கள் யாரும் தொடாதது. என் கண்ணுக்குள் பார்க்காதே, அங்கே உன் உருவம் தெரியும், நான் அதில் விழுந்து கிடப்பது போல நீயும் விழுந்துவிடுவாய் என்று தொடங்குகிறது. தன் சாயலையே தண்ணீரில் பார்த்து மயங்கிப் பூவாகிப் போன கிரேக்கப் பையனின் கதை பிறகு வருகிறது. சொல்ல முடியாத காதலை இதைவிடத் தெளிவாகச் சொல்லவும் முடியாது, இதைவிட நன்றாக மறைக்கவும் முடியாது. பட்டர்வொர்த் இதற்கு ஐந்து எண்ணிக்கைத் தாளம் வைத்திருக்கிறார். மேற்கத்திய இசை மட்டும் படித்தவர்களுக்கு அந்த ஐந்து தடுமாறும், எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்கிற மாதிரி இருக்கும். கண்ட சாபு தாளத்தில் ஊறிய உங்கள் காதுக்கு ஐந்து புதிதில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கும் அந்த வசதியை நினைத்து நான் சில சமயம் ஏங்கியிருக்கிறேன். ஆனால் தேர்வுக்கு உதவாது என்று அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் விடுகிறீர்கள்.

ஐந்தாவதில் லட்லோ ஊர்ச் சந்தைக்கு இளைஞர்கள் நூறு நூறாக வருகிறார்கள். கொட்டகையிலிருந்து, பட்டறையிலிருந்து, ஆலையிலிருந்து, தொழுவத்திலிருந்து. பெண்ணைத் தேடி வருகிறவன், சாராயத்துக்கு வருகிறவன் எல்லாரும் இருக்கிறார்கள். இவர்களில் முதுமையே காணாமல் போகப்போகிறவர்கள் யார் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்தால் நட்பாகப் பேசி வழியனுப்பலாமே, தெரியவில்லையே என்று பாடுகிறவன் நினைக்கிறான். மெட்டு தாலாட்டைப் போல ஆடுகிறது, பியானோவுக்கு வேலை மிகக் குறைவு. அந்தப் பாட்டில் நான் வாசிக்கிற சுரங்களைவிட வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் எனக்குக் கடினம். ஓர் இளைஞன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று இத்தனை இளைஞர்களின் அழகையும் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறான் என்பதைக் கவனியுங்கள். இதுவும் காதல் பாட்டுதான். நிகழ்ச்சி நிரல் எழுதுகிறவர்களுக்கு அது தெரியாமல் போவதில் வியப்பில்லை. பாடுகிற உங்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

இனி அந்த ஆறாவது. வேண்டாம் என்று வெட்டிய பாட்டு.

செத்துப்போன உழவன் ஒருவன் மண்ணுக்குள்ளிருந்து தன் நண்பனைக் கேட்கிறான். நான் ஓட்டிய ஏர் இன்னும் ஓடுகிறதா? ஓடுகிறது. ஆற்றங்கரையில் பையன்கள் பந்து விளையாடுகிறார்களா? விளையாடுகிறார்கள். நான் விட்டு வந்த பெண் அழுகையை நிறுத்திவிட்டாளா? நன்றாக இருக்கிறாள், நீ தூங்கு. என் நண்பன் எப்படி இருக்கிறான், எனக்குக் கிடைத்ததைவிட நல்ல படுக்கை கிடைத்ததா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நண்பன் தரும் பதிலை முழுதாக நான் இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களே படியுங்கள். யாருடைய காதலி என்று மட்டும் கேட்காதே என்று அவன் ஏன் சொல்கிறான் என்பது எட்டாவது பத்தியை எட்டும்போது தெரியும்.

இந்தக் கவிதைக்கு வான் வில்லியம்ஸ் 1909இலேயே இசையமைத்திருந்தார். பாரிஸ் போய் ராவெலிடம் படித்துவிட்டு வந்த புதிதில், டெனர் குரலுக்கும் பியானோவுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்குமாக எழுதிய ‘வென்லாக் எட்ஜ்’ தொகுதியில் இது ஒன்று. அவர் பந்தாட்டம் பற்றிய இரண்டு பத்திகளை வெட்டிவிட்டார். ஹவுஸ்மனுக்குக் கடுங்கோபம். தம் கவிதைகளுக்கு இசையமைக்க யார் கேட்டாலும் காசு வாங்காமல் அனுமதி கொடுத்தவர் அவர். ஆனால் இந்த வெட்டைப் பொறுக்கவில்லை. நான் அவர் இசையிலிருந்து இரண்டு பாரை வெட்டினால் அவருக்கு எப்படி இருக்கும் என்ற பொருளில் தம் பதிப்பாளருக்கு எழுதினார். வான் வில்லியம்ஸின் படைப்பு பெரிது, எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த ஒரு பாட்டில் நான் பட்டர்வொர்த் பக்கம். அவர் எட்டுப் பத்தியையும் விடாமல் வைத்தார். பந்தாட்டக் கேள்வி அற்பமானது என்பதால்தான் அது அங்கே இருக்க வேண்டும். செத்தவன் எதைக் கேட்க வந்தானோ அதைக் கேட்கத் துணிவில்லாமல் ஏரையும் பந்தையும் சுற்றிச் சுற்றி வருகிறான். துக்க வீட்டில் நாமும் முதலில் பஸ் கிடைத்ததா என்றுதானே கேட்கிறோம்?

இரண்டு பத்தியை வெட்டியதற்கே கவிஞர் அவ்வளவு கொதித்தார். ஆறில் ஐந்தை எடுத்துப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் மேடையேற்றுகிற நம்மை என்ன சொல்லியிருப்பார்?

பட்டர்வொர்த்திடம் தந்தி வாத்தியம் எதுவும் இல்லை. ஒரு குரல், ஒரு பியானோ. பேய் கேட்கும்போது மிக மெல்லிய ஒலி, காலக் கணக்கில் கண்டிப்பு இல்லை, பியானோவில் கார்டுகள் மெதுவாக இறங்குகின்றன. நண்பன் பதில் சொல்லும்போது சத்தம் ஏறுகிறது, வேகமும் ஏறுகிறது. ஒரே தொண்டையிலிருந்து இரண்டு ஆட்கள் வர வேண்டும். நாடகம் போடச் சொல்லவில்லை. பேய்க்குக் குரல் நடுக்கம் வேண்டாம், அரைக் குரலில் அதிர்வே இல்லாமல் நேராகப் பாடினால் போதும், கேட்கிறவர்களுக்குக் குளிரும். நண்பனுக்கு உடம்பு வேண்டும், சோறு தின்ற குரல் வேண்டும். கடைசிப் பதிலில் அந்த உடம்புள்ள குரல் தாழ்ந்து போகிறது. பிறகு பியானோவில் பேயின் கார்டுகள் மட்டும் மறுபடி வந்து, எங்கேயும் போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன. அந்த இளைஞரும் நானும் ஒத்திகையில் இதை முடித்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அந்த ஒரு நிமிடம் எந்த அரங்கிலும் நடக்கவில்லை.

பட்டர்வொர்த் இதைப் பாடற்கோவை என்று பெயரிடவில்லையே, வெறும் ‘ஆறு பாடல்கள்’ என்றுதானே போட்டார் என்று உங்களில் விவரம் தெரிந்த ஒருவர் கேட்கலாம். சரிதான். ஷூபர்ட்டின் தொடர்களில் இருப்பதைப் போல இதில் கதை ஓடவில்லை. நம் திருக்கோவையாரைப் போல நானூறு துறைகளும் இல்லை. ஹவுஸ்மனின் கவிதைகளுக்கு அவர் இசையமைத்தவை மொத்தம் பதினொன்று. ஐந்தைத் தனியே எடுத்து 1912இல் வேறு தொகுதியாக வெளியிட்டார். அப்படியென்றால் இந்த ஆறையும் அவர் பொறுக்கி, அடுக்கி வைத்திருக்கிறார். மரத்தில் பூவோடு தொடங்கி மண்ணுக்குள் கேட்கும் கேள்வியோடு முடியும் வரிசை தானாக அமையாது. இன்னொன்றும் உண்டு. பிரான்சுக்குப் போர்முனைக்குப் போகும் முன் தம் பழைய கையெழுத்துப் பிரதிகளை எடுத்துப் பார்த்து, தரமில்லை என்று தோன்றியவற்றை அழித்துவிட்டார். இவற்றை அழிக்கவில்லை.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் அவர் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். பிறகு டர்ஹம் இலகு காலாட்படையில் அதிகாரியானார். அவருக்குக் கீழே இருந்தவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்கள். சோம் போர்க்களத்தில் காட்டிய துணிவுக்கு ராணுவச் சிலுவை கிடைத்தது. 1916 ஆகஸ்ட் 5ஆம் தேதி அதிகாலையில் போசியேர் அருகே குண்டடிபட்டு இறந்தார். வயது 31. உடலுக்கென்று அறியப்பட்ட கல்லறை கிடையாது. தியெப்வால் நினைவுச் சின்னத்தில் 72,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது. அவர் இறந்த பிறகுதான் அவர் இசையமைப்பாளர் என்பதே அவருடைய படைத் தளபதிக்குத் தெரியவந்தது. செர்ரி மரப் பாட்டுக்காரன் தனக்கு மீதி என்று எண்ணிய ஐம்பது வசந்தத்தில் பட்டர்வொர்த்துக்குப் பத்துச் சொச்சம்தான் கிடைத்தது. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இந்த முடிவை மனதில் வைத்துக்கொண்டு ஆறையும் போர்ப் பாடல்களாக மாற்றிவிடாதீர்கள். எழுதியபோது அவர் இருபது வயதுகளில் இருந்த இளைஞர், சோம் என்ற பெயர் யார் நாவிலும் இல்லாத காலம். காதலித்தவன் காதலித்தவனாகவே இருக்கட்டும். போர் தானாக வந்து கேட்பவர் மனதில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இது ஆண் பாடும் பாட்டு, எங்களுக்கு இல்லை என்று விலகி நிற்காதீர்கள். திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் நின்று பாடிய மொழி நம்முடையது. ஆண் பெண்ணாகிப் பாடலாம் என்றால் பெண் உழவனாகிப் பாடலாம். உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதிக்கு மாற்றி வாசிக்க நான் தயார்.

ஆங்கிலம் புரியாதவர்கள் வந்தால் என்ன செய்வது என்று அமைப்பாளர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் பொருளை நாலு வரித் தமிழில் நீங்களே எழுதி, நீங்களே நின்று சொல்லுங்கள். மனப்பாடம் செய்த ஆங்கிலத்தைவிட அந்த நாலு வரி உங்களுக்கே அதிகம் உதவும். எழுதும்போதுதான் எதைப் பாடுகிறோம் என்று தெரியும். கவிஞரும் இசையமைப்பாளரும் இறந்து எவ்வளவோ காலமாகிவிட்டதால் கவிதைக்கும் இசைக்கும் இன்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆறையும் சேர்த்துப் பாடினால் கால் மணி நேரம்தான் ஆகும். அந்தக் கால் மணி நேரம் அதிகம் என்று யாராவது சொன்னால், இந்த முறை நானும் உங்களோடு வந்து நிற்பேன். அன்று போல மௌனமாக இருக்க மாட்டேன்.

என் வேண்டுகோள் இதுதான். தேர்வுக்கு ஒன்றைப் பாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வு முடிந்ததும் தாளைக் கோப்புக்குள் வைக்காமல் பக்கத்தைத் திருப்புங்கள். மூன்றாவதைப் பழகுங்கள், ஆறாவதற்குப் பயப்படாதீர்கள். ஒன்று முதல் ஆறு வரை, நடுவில் கைதட்டல் இல்லாமல், ஒரே மூச்சாக ஒரு மாலை பாடுங்கள். பெரிய அரங்கம் தேவையில்லை. ஒழுங்காகச் சுருதி சேர்த்த பியானோவும் இருபது நாற்காலியும் இருக்கும் வீட்டுக் கூடம் போதும்.

பட்டர்வொர்த் இறந்த நாளில் வேண்டாம், பிறந்த நாளில் பாடுவோம்: ஜூலை 12. பக்கவாத்தியத்துக்கு நான் வருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். நான்கு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இரவு எட்டரைக்கு மேல் எந்த நாளும் எனக்குச் சரிதான்.

அன்புடன்,
உங்கள் பியானோக்காரி